எண்ணும் காதும்: டீஜேக்களின் ஒரு பழைய வழக்குப் பற்றி

1

என்னோடு பல வருடம் இரவுமுறையில் நின்ற ஜேர்மன்காரர் ஒருவர் சென்ற வருடம் ஓய்வுபெற்றுச் சிறிய வீடொன்றுக்கு மாறினார். சாமான் தூக்க நானும் போனேன். வான் ஓட்டுவதற்கு என் தங்கையின் மகனைக் கூட்டிப்போயிருந்தேன். இருபது வயதான அவன் சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளுக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் டீஜேயாகப் போகிறவன். அந்த வீட்டில் தளபாடங்களைவிடப் பாரமாக இருந்தவை ஆறு பெட்டி இசைத்தட்டுகள். 1980-களில் தன் சிறுநகரத்து டிஸ்கோவில் வார இறுதிகளில் தட்டுப் போட்டவர் அவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. ஒவ்வொரு உறையின் மேல் மூலையிலும் பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தது: 118, 121½, 124. அந்தப் பாட்டில் நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்ற கணக்கு அது.

மருமகன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இதெல்லாம் இப்ப கொம்பியூட்டரே பார்த்துச் சொல்லிப்போடும். மனுசர் இருந்து எண்ணத் தேவையில்லை." நான் அதை மொழிபெயர்த்தேன். மனுசன் கோபிக்கவில்லை. தான் எண்ணை எழுதியது எந்தத் தட்டை அடுத்து எடுப்பது என்று தெரிவதற்கு மட்டுந்தான் என்றும், இரண்டையும் சேர்ப்பது காது என்றும், எண்ணைப் பார்த்துச் சேர்ப்பவன் டீஜே அல்ல, கணக்குப்பிள்ளை என்றும் சொன்னார். படியில் பெட்டியை வைத்துவிட்டு இருவரும் என் மூலமாக அரை மணித்தியாலம் வாதாடினார்கள்.

இந்தச் சஞ்சிகையில் டீஜேக்களைப் பற்றி எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுழிக்கக்கூடும். ஊரில் கணிதம் படிப்பித்தவன் நான். எண்ணுக்கும் புலனுக்கும் இடையிலான வழக்கு என் பழைய தொழிலுக்கும் இன்றைய வேலைக்கும் பொதுவானது. அந்த வழக்கு வேறெங்கும் இவ்வளவு அப்பட்டமாக நடக்கவில்லை என்பதே இதை எழுதக் காரணம்.

2

தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீஜேயிடம் இரண்டு சுழல்தட்டுகள் உண்டு. ஒன்றில் பாட்டு ஓட, மற்றதில் அடுத்த பாட்டை ஒலிவாங்கிச் செவியில் மட்டும் கேட்டு அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டின் அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது சபைக்குத் திறந்துவிடுகிறார். ஆடுகிறவர்களின் கால் நிற்பதில்லை. இந்தத் தொழிலின் அடையாளமாகிப்போன ரெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 தட்டு 1972-இல் வந்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத்தை நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டவோ குறைக்கவோ ஒரு தள்ளுகோல் இருந்தது. 120 அடிகொண்ட பாட்டை அதில் 110.4-இலிருந்து 129.6 வரை கொண்டுபோகலாம். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். ஆறு வீதம் கூட்டினால் ஏறத்தாழ அரைச் சுரம் உயர்ந்து, பாடுகிறவரின் குரலே மாறிவிடும். ஆகவே எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டு என்ற தெரிவில் எண்ணுக்கு ஓர் இடம் உண்டு. 98-ஐயும் 126-ஐயும் பொருத்த முயன்று நேரத்தை வீணாக்காமல் அது தடுக்கும்.

ஆனால் எண்ணின் எல்லையும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. இரண்டு உறைகளிலும் 124 என்று எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். முழு எண்ணுக்குக் கிட்டியதாக எழுதுவதுதான் வழக்கம். ஒன்றின் உண்மையான வேகம் 123.6 ஆகவும் மற்றதன் வேகம் 124.4 ஆகவும் இருக்கலாம். வித்தியாசம் நிமிடத்துக்கு 0.8 அடி. முப்பத்தேழரை விநாடியில் ஒன்று மற்றதைவிட அரை அடி விலகி, ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழும். குதிரைகள் படியில் விழுந்தடித்து இறங்குவது போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். தாளில் சமமாக இருந்தவை சபையில் சமமாக இல்லை.

அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. எண் வேகத்தைச் சொல்லும், எங்கே தொடங்குவது என்பதைச் சொல்லாது. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு மணிக்கூடுகள் ஒரே கணத்தில் 'டிக்' என்று சொல்ல வேண்டுமென்பதில்லை. எங்கள் இசை மரபு இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பியதில்லை. வேகத்துக்குக் காலப்பிரமாணம் என்று பெயர். தொடங்கும் இடத்துக்கு எடுப்பு என்று பெயர். தாளத்தோடு சேர்ந்து தொடங்கினால் சமம், முன்னே தொடங்கினால் அதீதம், பின்னே தொடங்கினால் அனாகதம். டீஜேயின் வேலையில் பாதி, எடுப்பு வேலை. இரண்டாம் பாட்டின் முதலடியை முதற்பாட்டின் முதலடியில் வைப்பது மட்டுமல்ல, எட்டும் பதினாறுமாகக் கட்டப்பட்ட அதன் வாக்கியங்களை இதன் வாக்கியங்களோடு பொருத்துவதும் அதில் அடங்கும். பென்சில் எண்ணில் இது எதுவும் இல்லை.

இன்னுமொரு இடத்திலும் மரபு உதவுகிறது. கணணி ஒரு பாட்டை 170 என்று சொல்லும், ஆடுகிறவனுக்கு அது 85 ஆக இருக்கும். மருமகனே ஒப்புக்கொண்டான், தன் கருவி அடிக்கடி விடும் பிழை இது என்று. பிழை என்பதுகூடச் சரியல்ல. அதே பாட்டு முதலாம் காலத்தில் 85, இரண்டாம் காலத்தில் 170. எது காலம், எது அதன் இரட்டிப்பு என்பதை ஒலியலையில் தேடி எடுக்க முடியாது. கையைத் தட்டுகிறவன் தீர்மானிக்கும் விடயம் அது.

3

ஆகவே காதின் பக்கமே நியாயம் என்று முடித்துவிடலாமா? வரலாறு அவ்வளவு இலகுவாக விடவில்லை.

அடி பொருத்தும் கலையைத் தொடக்கிவைத்தவராகச் சொல்லப்படுபவர் நியூயோர்க்கின் பிரான்ஸிஸ் கிராஸோ. 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும், முன்னர் ஜேர்மன் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் நடந்த 'சாங்க்சுவரி' என்ற விடுதியில் அவர் தட்டுப் போட்டார். லெட் செப்பலினின் பாட்டொன்றை ஷிக்காகோ குழுவின் மேள அடிக்கு மேல் அவர் ஓடவிட்டது இன்றும் பேசப்படுகிறது. அன்று அந்தத் தட்டுகளில் மேளம் அடித்தவர்கள் மனிதர்கள். மனிதன் அடித்தால் வேகம் ஓரிடத்தில் நில்லாது. பல்லவிக்கு வரும்போது சற்று ஏறும், பாட்டு அடங்கும்போது இறங்கும். அப்படிப்பட்ட பாட்டுக்கு ஒற்றை எண் எழுதுவது, ஆற்றின் ஆழம் நாலடி என்று எழுதிவைப்பது போன்றது. கிராஸோ காதை நம்பியது கொள்கையினால் அல்ல. அவர் கையிலிருந்த பாட்டுகளில் எண் பொய்யாக இருந்தது.

1977-இல் நிலைமை மாறத் தொடங்கியது. மியூனிக்கில் ஜோர்ஜியோ மொறோடர் டொனா சமருக்காகச் செய்த 'ஐ ஃபீல் லவ்' பாட்டில் மூக் இயந்திரம் தாளத்தை ஓட்டியது. பெருமேள அடியை மட்டும் மனிதர் ஒருவர் அடித்தார், இயந்திரத்தோடு ஒத்து அடித்தார். அதே வருடம் பிரான்ஸில் பீ ஜீஸ் குழுவினர் 'ஸ்ரேயிங் அலைவ்' பாட்டைப் பதிவுசெய்தபோது மேளகாரர் வீட்டு நெருக்கடியால் ஊர் திரும்பியிருந்தார். அவர் வேறொரு பாட்டுக்கு அடித்திருந்த இரண்டு ஆவர்த்தனத்தை ஒலிநாடாவில் வெட்டி வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டார்கள். பாட்டு முழுவதும் ஒரு மயிரிழையும் பிசகாத அந்த அடி, ஆள் இல்லாததால் வந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 103 அடி. இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும்போது நிமிடத்துக்கு 100-இலிருந்து 120 தடவை அழுத்த வேண்டுமென்பதால், முதலுதவி வகுப்புகளில் இந்தப் பாட்டை மனதுக்குள் பாடிக்கொள்ளும்படி இன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எண்ணை இகழ்கிறவர்கள் இந்த உதாரணத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பின்னர் 1980-இல் றோலண்ட் ரீ.ஆர்.808 வந்தது, 1983-இல் 909 வந்தது. மேளம் அடித்தது இயந்திரம், வேகம் ஒரு குமிழில் வைக்கப்பட்டது. அன்றிலிருந்துதான் பாட்டைப் பற்றி எழுதப்பட்ட எண் அநேகமாக மெய்யானது. காது பெரிதா, எண் பெரிதா என்று வாதிடும் இரு தரப்பும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். எண் திருந்தவில்லை. எண்ணுக்கு ஏற்றபடி இசைதான் செய்யப்படத் தொடங்கியது.

இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் நின்றவர் ஜேம்ஸ் ஹமில்ரன் என்ற ஆங்கிலேயர். இலண்டன் வாரஇதழான 'றெக்கோர்ட் மிரர்' 1991-இல் நிற்கும்வரை அதில் நடனத் தட்டுகளுக்கு மதிப்புரை எழுதியவர். 1996-இல் காலமானார். 1970-களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் தானே எண்ணி அடி எண்ணை அச்சிட்டார். என் நோக்கில் அவர் இந்த வழக்கின் மிக நேர்மையான சாட்சி. ஒரு பாட்டுக்கு அவர் ஓர் எண்ணோடு நிற்கவில்லை. தொடக்கத்தில் இவ்வளவு, நடுவில் இவ்வளவு, முடிவில் இவ்வளவு என்று வரிசையாகத் தருவார். தாளமில்லாமல் தொடங்கினால் அங்கே பூச்சியம் போடுவார். பின்னங்களும் வரும். எண்ணுக்குப் பிறகு அடைமொழிகளை அடுக்குவார்: பாட்டு துள்ளுகிறதா, உருள்கிறதா, இழுபடுகிறதா, தட்டுத்தடுமாறி நடக்கிறதா என்பதற்கெல்லாம் அவரிடம் தனித்தனிச் சொல் இருந்தது. எவரையும்விடக் கூடுதலாக எண்ணிய அந்த மனிதருக்குத்தான் எவரையும்விடக் கூடுதலான சொற்கள் தேவைப்பட்டன. அவர் மதிப்புரைகளில் எண் தீர்ப்பாக வரவில்லை, கேட்டதன் குறிப்பாக வந்தது. எங்கள் இலக்கிய விமர்சகர்களில் எத்தனை பேர் தங்கள் அளவுகோலை இவ்வளவு திறந்துவைத்து எழுதுகிறார்கள் என்பதும் யோசிக்கத்தக்கது.

ஜேர்மன்காரரின் உறைகளையும் நான் பிறகு நிதானமாகப் பார்த்தேன். சிலவற்றில் மூன்று எண்கள். சிலவற்றில் எழுதிய எண் அழிக்கப்பட்டு வேறு எண். ஓர் உறையில் எண்ணே இல்லை, 'கேள்' என்று பொருள்படும் ஒற்றை ஜேர்மன் சொல் மட்டும். காதை மட்டும் நம்பினேன் என்று படியில் நின்று சொன்ன மனிதர் பெட்டி பெட்டியாக எண்ணி எழுதியிருக்கிறார். அவருடைய எண்கள் காதுக்கு எதிரானவை அல்ல, காது உழைத்து எழுதியவை.

4

இங்கேதான் பிரச்சினையின் மறுபக்கம் வருகிறது. 2000-த்தையொட்டி, பேர்லின் நிறுவனங்களின் மென்பொருட்களான 'ட்ராக்ரர்', 2001-இல் வந்த 'ஏபிள்ரன் லைவ்' முதலியவை எண்ணும் வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டன. 2012-இல் வந்த பயனியர் சீ.டீ.ஜே.2000 நெக்ஸஸ் கருவியில் 'சிங்க்' என்ற பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டும் தாமாகவே சேர்ந்துகொண்டன. இந்தப் பொத்தானைப் பற்றி டீஜேக்கள் மத்தியில் ஒரு மதச்சண்டையே நடந்தது, இன்றும் ஓயவில்லை.

எனக்கு இது புதிய சண்டையாகத் தெரியவில்லை. ஜேர்மனியில் 1924-இல் தொடங்கப்பட்ட றேஃபா என்ற அமைப்பு, தொழிலாளி ஒரு வேலையைச் செய்ய எடுக்க வேண்டிய நேரத்தை அளக்கும் முறையொன்றை உருவாக்கியது. நிறுத்தற்கடிகாரத்தோடு ஒருவர் வந்து நிற்பார், அளப்பார், ஓர் எண் பிறக்கும். அந்த எண்ணே பிறகு சட்டம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு படி உண்டு. தொழிலாளி வழக்கமான வேகத்தில் செய்கிறாரா, மெதுவாகவா, விரைவாகவா என்பதை அளக்கிறவர் தன் கண்ணால் மதிப்பிட்டு, இத்தனை வீதம் என்று போடுவார். கடிகாரம் தந்த நேரம் அந்த மதிப்பீட்டால் பெருக்கப்படும். விஞ்ஞானபூர்வமானது என்று எங்கள் முன் வைக்கப்படும் எண்ணுக்குள் ஒரு மனிதரின் கண்மதிப்பு ஒளிந்திருக்கிறது. ஹமில்ரன் தன் மதிப்பீட்டை எண்ணுக்குப் பக்கத்தில் அடைமொழிகளாக எழுதினார். இங்கே அது எண்ணுக்குள் கரைக்கப்பட்டு, கேள்வி கேட்க முடியாததாக்கப்படுகிறது.

செப்புத் தொழிலாளியாக வேலை செய்த ஹாரி பிரேவர்மன் 1974-இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்ற நூலில் விளக்கியது இதுதான்: வேலையைத் திட்டமிடும் அறிவு வேலை செய்யும் கையிலிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு மேசைக்குக் கொண்டுபோகப்படுகிறது. டீஜேயின் கதை இதற்கு ஓர் உதாரணமாக இலகுவில் அமையும். ஆனால் முழுதாக அமையாது என்பதையும் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தியபின் மருமகனுக்கு வேலை முடிந்துவிடுவதில்லை. சபையில் கிழவிகளும் குழந்தைகளும் இளசுகளும் ஒன்றாக இருக்கும்போது எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, எப்போது நிறுத்திச் சாப்பாட்டுக்கு விடுவது என்ற தீர்மானம் அவனுடையதுதான். பொருத்தும் உழைப்பு மிச்சமானதால் கூட்டத்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது என்கிறான். அந்த மிச்சம் அவன் கைக்கு வருகிறது. எங்கள் இயந்திரங்கள் வேகமானபோது மிச்சமான நேரம் எங்கள் கைக்கு வரவில்லை. இந்த வேறுபாட்டைக் காணாமல் 'இயந்திரம் மனிதனை அழிக்கிறது' என்று எழுதுவது சோம்பல்.

அடோர்னோ 1941-இல் ஜனரஞ்சக இசை பற்றி எழுதிய கட்டுரையில், அசையாத அடிக்கு ஆடுவதை ஒருவகைக் கீழ்ப்படிதலாகப் பார்த்தார். இங்குள்ள எங்கள் நண்பர்கள் அதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். பகல் முழுவதும் பிறர் வைத்த வேகத்தில் கையை அசைத்தவர்கள் இரவில் தாங்கள் தெரிந்த வேகத்தில் உடம்பை அசைப்பதை, அதே கீழ்ப்படிதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேகம் ஒன்றாக இருக்கலாம். யார் வைத்தது என்பதே கேள்வி.

5

இனி, காதின் பக்கத்தில் நிற்பவர்களிடமும் சில கேட்க வேண்டியிருக்கிறது. 'எண்ணைப் பார்ப்பவன் டீஜே அல்ல' என்ற வாக்கியத்தை நான் ஊரிலேயே வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன். ஞானம் உள்ளவனுக்கு நொட்டு வேண்டாம் என்பார்கள். யாழ்ப்பாணத்துத் தவில் மரபு, தெட்சணாமூர்த்தி போன்றவர்களை உலகுக்குத் தந்த மரபு, காதாலும் கையாலும் கடத்தப்பட்டதே. அந்தப் பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுதாத வித்தைக்குள் எல்லோரும் நுழைய முடியாது. எந்த வீட்டில் பிறந்தாய், எந்தக் குருவின் திண்ணையில் இருந்தாய் என்பது அங்கே முதற்கேள்வி. வித்தையைக் காத்தவர்களுக்கு அது பிழைப்பு. அவர்களைக் கோயிலில் வாசிக்கவைத்துவிட்டுச் சபையில் சமமாக இருக்கவிடாத சமூகத்துக்கோ அது வசதியான புனிதம். 1904-இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைச் சுரக்குறிப்போடு அச்சிட்டபோது கமகங்களுக்கும் குறியீடு கொடுத்தார். குறிப்பு இசையாகிவிடாது. ஆனால் குரு இல்லாதவனும் கதவைத் தட்ட ஒரு வழி பிறந்தது.

டீஜே உலகிலும் இதுவே. இரண்டு ரெக்னிக்ஸ் தட்டும், பெட்டி பெட்டியாக இசைத்தட்டும், மாதக்கணக்கில் பழகிப் பார்க்க ஓர் அறையும் உள்ளவனுக்குத்தான் காது 'இயல்பாக' வந்தது. அகதி முகாமில் நாலு பேரோடு ஓர் அறையில் வளர்ந்த பிள்ளைக்கு அது வராது. இரவல் மடிக்கணணியும் திரையில் ஓர் எண்ணும் அவனுக்குப் போதும். காதின் தூய்மை பேசுகிறவர்கள் அந்தத் தூய்மைக்கான செலவை யார் கட்டினார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இயற்றிய பணிப்புரையின்படி, வேலைத்தலத்தில் இரைச்சல் 80 டெசிபலைத் தாண்டினால் காதுக்காப்புக் கிடைக்கச் செய்ய வேண்டும், 85-ஐ எட்டினால் அதை அணிந்தே ஆக வேண்டும். சட்டம் எண்ணாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. என் காது எனக்குப் போதுமான எச்சரிக்கை தரவில்லை. பழகிப்போன இரைச்சல் இரைச்சலாகவே படாது. பத்து வருடத்துக்கு மேல் அழுத்தி இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றதில் என் வலது காது மேல்தாய் ஒலிகளை இழந்துவிட்டது. அதைப் பரிசோதித்துச் சொன்னதும் ஒரு வரைபடமும் அதிலிருந்த எண்களுந்தான். ஜேர்மன்காரருக்கும் அப்படியே, அவருக்கு டிஸ்கோவும் சேர்ந்துகொண்டது. அவருடைய இரண்டு காதிலும் ஓயாமல் ஒரு கீச்சொலி இருக்கிறது. புது வீட்டில் தட்டுகளைப் பொருத்தி மருமகனுக்குச் செய்துகாட்டியபோது அவர் முதலில் பார்த்தது உறையின் மூலையை. பிறகு ஒலிபெருக்கிப் பெட்டியின் மரத்தில் விரல் நுனிகளை வைத்தார். காது தவறவிட்டதை விரல் பிடித்தது. முதல் தடவை விலகியது, இரண்டாம் தடவை பிசகாமல் சேர்ந்தது. மருமகன் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆகவே எண்ணா காதா என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. எண்ணை எழுதியவர் யார், அதை அழித்து எழுதும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பவையே கேட்கப்பட வேண்டியவை. டீஜே தானே கேட்டு எழுதி, பிழையென்றால் தானே அழிக்கும் எண் அவருக்குக் கருவி. கேட்காமலே வந்து, அழிக்க முடியாமல் நிற்கும் எண், அது கணணியிலிருந்து வந்தாலும் நேரமளப்பவரின் மேசையிலிருந்து வந்தாலும், அதிகாரம். மருமகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பொத்தானைப் பாவி, ஆனால் மாதத்தில் ஒருநாள் திரையை மூடிவைத்துவிட்டு நீயே எண்ணிப் பார், கணணி சொன்னதோடு ஒத்துவராவிட்டால் உன் எண்ணையும் பக்கத்தில் எழுதிவை. செய்கிறேன் என்றான். செய்வானோ தெரியாது. ஆறு பெட்டியில் ஒன்றை ஜேர்மன்காரர் அவனிடம் கொடுத்துவிட்டார்.

இசை தெரிந்த நண்பர்கள், விசேடமாகத் தாளக் கருவி பயின்றவர்கள், இதில் பிழை கண்டால் எழுத வேண்டும். காதை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால், பதில் எழுதுவதற்கு முன் அதைத் திரும்பவும் யோசிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.